மஸ்கெலியா (போல்): பூச்சிப் பாகுபாட்டு நூல்களின் மொழியும் சமுதாய அடிப்படையும்

1

இலக்கிய விமர்சனத்தில் ஈடுபட்ட ஒருவர் பூச்சிகளையும் சிலந்திகளையும் பாகுபடுத்தும் நூல்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவை விஞ்ஞான நூல்கள். அவற்றை மதிப்பிட வேண்டியோர் விலங்கியலாளரே என்று கூறப்படலாம். அந்நூல்கள் தரும் உயிரியற் செய்திகளைப் பொறுத்தவரை இக்கூற்று ஏற்புடையதே. ஆயின், எந்த நூலும் செய்திகளால் மாத்திரம் ஆனதன்று. அச்செய்திகளை எந்த வடிவத்தில், எச்சொற்களால், எவரை முன்னிறுத்தி, எவரை விடுத்து உரைக்கிறது என்பதும் நூலின் பகுதியேயாகும். காப்பியத்தின் பாயிரத்தையும் கல்வெட்டின் மெய்க்கீர்த்தியையும் இவ்வாறு நோக்கப் பழகிய நாம், பூச்சிப் பட்டியலை அந்நோக்கிலிருந்து விலக்கி வைப்பதற்குத் தக்க காரணம் இல்லை.

மஸ்கெலியாப் பகுதியின் அந்துப்பூச்சிகள் பற்றிய பழைய ஆங்கில விவரணங்களைப் புரட்டுவோர் ஒரே வாய்பாட்டை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுவர். முதலில் இரு சொற்களாலான இலத்தீன் பெயர், அதனையடுத்துப் பெயரிட்டவரின் பெயர், பின்னர் சிறகின் நீளம், நிறம், புள்ளிகள், உணர்கொம்பின் அமைப்பு, இறுதியிலே வாழிடம். அவ்விறுதி வரி பல இடங்களில் ‘இலங்கை: மஸ்கெலியா (போல்)’ என முடிகின்றது. போல் என்பவர் ஒரு தோட்டத்துரை. அவரும் அவர் போன்ற ஏனைய துரைமாரும் திரட்டி அனுப்பிய நுண்ணந்துகளை இங்கிலாந்திலே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எட்வேர்ட் மெய்ரிக் விவரித்துப் பெயரிட்டார். இன்றுவரை அப்பெயர்கள் பல வழக்கில் உள்ளன.

இவ்வரியில் ஓர் இடம் உண்டு. அடைப்புக்குறிக்குள் ஒரு மனிதர் உண்டு. அந்த இடம் எவ்வாறு அந்த மனிதருக்குரியதாயிற்று என்பது வரியில் இல்லை. அதனைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

மலையகத்துப் பூச்சிகளின் முறையான பதிவு கோப்பியோடு தொடங்குகின்றது. ரம்பொடைப் பகுதியில் கோப்பித் தோட்டக்காரராயிருந்த ஜெர்மானியர் நீட்னர் 1861இல் கோப்பி மரத்தின் ‘எதிரிகள்’ குறித்துத் தமது அவதானிப்புகளை வெளியிட்டார். அவர் திரட்டிய சிலந்திகளை ஒக்டேவியஸ் பிக்காட்-கேம்பிறிட்ஜ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1869இல் விவரித்தார். பிரெடெரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூல் 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பிரித்தானிய இந்திய விலங்கின வரிசையிலே போகொக் எழுதிய சிலந்தி, தேள் முதலியன பற்றிய தொகுதி 1900இல் வெளியாயிற்று. இலங்கையிலேயே பிறந்து, பூண்டுலோயாவில் ஈட்டன் தோட்டத்தை நடத்தி, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான எட்வேர்ட் ஏர்னெஸ்ட் கிறீன், செதிற்பூச்சிகள் பற்றிய தமது ஐந்து பகுதி நூலை 1896 தொடக்கம் 1922 வரை வெளியிட்டார். பூண்டுலோயா என்ற ஊர்ப்பெயரே தத்துப்பூச்சிச் சாதியொன்றின் இலத்தீன் பெயராகவும் நிலைத்துவிட்டது.

இவர்களின் உழைப்பையும் நுண்மாண் நுழைபுலத்தையும் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. கிறீன் வரைந்த படங்களை நோக்குவோர், குண்டூசித் தலையளவான உயிரொன்றின் உறுப்புகளை அவர் எத்துணைப் பொறுமையோடு கண்டிருக்கிறார் என்பதை உணர்வர். எனினும் இப்பெயர்களை வரிசையாக வைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. மலையகத்துக் காட்டை வெட்டிய மூலதனமும், அக்காட்டின் உயிர்களைப் பெயரிட்ட விஞ்ஞானமும் ஒரே கப்பலிலே வந்தவை. காடு அழிக்கப்பட்ட வேளையிலேதான் அதன் உயிரினங்கள் எண்ணப்பட்டன. டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகள் கோப்பிக்காகப் பிற்காலத்திலே திறக்கப்பட்டவை. அக்கோப்பியும் 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அழிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

பதிவுகளிலே உழைப்பு எப்பொழுது பெயர் பெறுகின்றது என்பதும் நோக்கத்தக்கது. மூரின் நூலுக்கான படங்களை வரைந்தோர் பேராதனைப் பூங்காவைச் சார்ந்த ஹார்மானிஸ் த அல்விஸ் குடும்பத்தினர். அவர்களின் பெயர் எஞ்சியுள்ளது. ஓவியம் தேர்ச்சிபெற்ற உழைப்பாகவும், நூலின் விலையை உயர்த்தும் உழைப்பாகவும் கொள்ளப்பட்டமையே இதற்குக் காரணம். ஆயின், வலையைச் சுமந்தவர், இரவில் விளக்கேந்தியவர், கவ்வாத்து வெட்டுகையிலே கிளையிற் கண்ட புழுவைத் துரையிடம் கொண்டு சென்றவர் ஆகியோரைக் குறிப்பதற்கு அப்பதிவின் வடிவத்திலே இடமே இல்லை. ‘எங்கே, எவர்’ என்ற இரு கேள்விகளை மாத்திரமே அது கேட்கின்றது. ‘எவர்’ என்பதற்கு உடைமையாளரே விடை.

1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் குறொம்பைனின் தலைமையில் நடைபெற்ற இலங்கைப் பூச்சி ஆய்வுத் திட்டத்தின் மாதிரிகளில், கருணாரத்ன முதலிய இலங்கையரின் பெயர்களும் சேகரித்தோராக இடம்பெற்றன. வடிவம் மாறக்கூடியதே என்பதற்கு இது சான்று.

3

பாகுபாட்டு நூல்களிலே இருவகைச் சொற்கள் கலந்து வருகின்றன. இனம், சாதி, குடும்பம் என்பன உறவைக் குறிக்கும் சொற்கள். ‘எதிரி’, ‘பீடை’ என்பன அத்தகையனவல்ல. பீடை என்றொரு குடும்பம் உயிரியலிலே இல்லை. எவ்வுயிர் விளைச்சலில் பங்கு கேட்கின்றதோ அது பீடையாகின்றது. இது பொருளியற் சொல். உயிரியற் சொல்லின் உடையிலே வருகின்றது.

இன்று தேயிலையைத் தாக்கும் இலைசுருட்டி அந்தின் விஞ்ஞானப் பெயர் ஹோமோனா கொபியாரியா. தேயிலையின் பழைய பகையாகிய செந்நிறச் சிற்றுண்ணியின் பெயர் ஒலிகோநிக்கஸ் கொபியே. இரண்டுக்கும் அடைமொழியை வழங்கியவர் 1861இல் நீட்னரே. இரு பெயர்களிலும் உள்ள சொல் கோப்பி. மலையகத்திலே கோப்பிப் பெருந்தோட்டம் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதன் பெயரை இப்பூச்சியும் சிற்றுண்ணியும் இன்றும் சுமக்கின்றன. முன்னுரிமை விதியின்படி முதலிற் சூட்டிய பெயரை மாற்றலாகாது. ஆகவே பெயரிட்ட காலத்து உற்பத்தி முறை, அம்முறை ஒழிந்த பின்னரும் பெயரிலே உறைந்து கிடக்கின்றது. ஊர்ப் பெயர்களிலிருந்து பழைய நிலவுடைமை உறவுகளை அறியும் வரலாற்றாசிரியர், பூச்சியின் பெயரிலிருந்தும் அதனை அறியலாம்.

பாகுபாடு வெறும் பெயர்ச்சூட்டல் அன்று என்பதற்கும் தேயிலையே சான்று தருகின்றது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை 1868இல் ஐக்ஹோவ் என்பவர் இலங்கை மாதிரிகளைக் கொண்டு விவரித்தார். அவ்வண்டு மரத்தை உண்பதில்லை. தான் குடைந்த துளையிலே ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து அதனையே உண்கின்றது. அப்பூஞ்சையைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்போர் 1947இல் விவரித்தனர். உலகின் பல பாகங்களிலும் ஒரே இனமென்று எண்ணப்பட்டுவந்த இவ்வண்டு, உண்மையிலே புறத்தோற்றத்தால் எளிதிற் பிரித்தறிய இயலாத பல இனங்களின் தொகுதி என்பதை 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் நிறுவின. எந்த இனம் எந்த மரத்தைத் தாக்கும் என்பது இதனால் புதிதாக ஆராயப்படவேண்டியதாயிற்று. எனவே, பாகுபாடு முழுவதுமே ஆதிக்கத்தின் கற்பனை என்று ஒதுக்கிவிடும் இன்றைய சில கோட்பாடுகளோடு நாம் உடன்பட முடியாது. வர்க்கச் சார்பு பாகுபாட்டின் பயன்பாட்டிலும் வடிவத்திலும் உண்டு. ஈக்கும் வண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த வர்க்கத்தினதும் படைப்பன்று.

4

மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்திலே மனித உழைப்பின் தனித்தன்மையை விளக்குமிடத்துச் சிலந்தியையும் தேனீயையும் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். சிலந்தி நெசவாளனைப் போலத் தொழிற்படலாம். தேனீயின் கூடு கட்டடக் கலைஞரை நாணச்செய்யலாம். ஆயினும் செய்யப்போவதை முன்னரே சிந்தையில் உருவாக்கிக்கொள்வது மனிதனுக்கே உரியது என்பது அவ்விடத்துக் கருத்தின் சாரம். இக்கருத்தை மலையகத்துக்குப் பொருத்திப் பார்க்குமிடத்து ஒரு முரண் தோன்றுகின்றது. தோட்ட முறைமை, தொழிலாளியின் உழைப்பிலிருந்து சிந்தையைப் பிரித்தெடுத்து ஆராய்ச்சி நிலையத்திலும் துரையின் அலுவலகத்திலும் வைத்தது. கையை மாத்திரம் மலையிலே விட்டது.

இலைசுருட்டியின் வரலாறு இதனை நன்கு காட்டும். அதன் முட்டைகள் தேயிலையின் மேற்பரப்பில் ஒன்றன்மேலொன்று படிந்த செதில்கள் போலக் கூட்டமாய் ஒட்டியிருக்கும். அவற்றைக் கையாற் பொறுக்கி அழிப்பது ஒருகாலத்திலே பெரிதும் கைக்கொள்ளப்பட்ட முறை. பல்லாயிரம் இலைகளிடையே மெல்லிய மஞ்சட் படலமொன்றைக் கண்டெடுப்பதற்குப் பழகிய கண் வேண்டும். எது இலைசுருட்டியின் முட்டை, எது வேறொரு பூச்சியினுடையது என்று பிரித்தறிய வேண்டும். அதுவும் பாகுபாடே. ஆயின் அது பதிவேட்டிலே அறிவாகக் கொள்ளப்படவில்லை; நாட்கூலிக்குரிய வேலையாகவே கொள்ளப்பட்டது.

1930களின் நடுப்பகுதியில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தினர் யாவாவிலிருந்து மக்ரோசென்றஸ் ஹோமோனே என்னும் ஒட்டுண்ணிக் குளவியொன்றைக் கொண்டுவந்து தோட்டங்களிலே விடுத்தனர். மனிதரைக் கொட்டாத இச்சிறு உயிர் இலைசுருட்டிப் புழுவினுள் முட்டையிட்டு அதனை அழிப்பது. அம்முயற்சி பெருவெற்றி ஈட்டியது. பின்னர் தண்டுதுளை வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு ஒட்டுண்ணிக் குளவியையும் கொன்றது. இலைசுருட்டி மீண்டும் பெருகியது. ஓர் உயிரைத் தனித்துப் ‘பீடை’ எனப் பிரித்தெடுத்து நோக்கிய நோக்கு, உயிர்களிடையேயான உறவைக் காணத் தவறியதன் விளைவு இது. இயங்கியல் என்னும் சொல்லை அறியாமலே தேயிலைத் தூர் அதன் பாடத்தைக் கற்பித்தது எனலாம். நஞ்சு தெளிக்கும் கருவியை முதுகிலே சுமந்து அதன் காற்றைச் சுவாசித்தவர் எவர் என்பதை வாசகர் அறிவர்.

5

இனி, தமிழ் மரபை நோக்குவோம். உயிர்களைப் பாகுபடுத்தும் முயற்சி நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் அறிவின், அதாவது புலன்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு உயிர்களை ஆறாக வகுக்கின்றது. கறையானும் எறும்பும் அதிலே மூவறிவுயிர்கள். நண்டும் தும்பியும் நான்கறிவுயிர்கள். இன்றைய பாகுபாட்டின்படி எறும்பும் தேனீயும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. கறையானோ கரப்பானுக்கு உறவு. எனினும், புறத்தோற்றத்தை விடுத்துப் புலனறிவை அளவுகோலாகக் கொண்டமை பழந்தமிழரின் சிந்தனை வளர்ச்சியைக் காட்டுகின்றது. 1758இல் லின்னேயசும் நண்டையும் சிலந்தியையும் பூச்சிகளின் வகுப்பிலேயே அடக்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. சிலந்தி முதலியவற்றைத் தனி வகுப்பாக லமார்க் பிரித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

நமது பேச்சு வழக்கிலே சிலந்தி ‘எட்டுக்கால்பூச்சி’ எனப்படுகின்றது. பூச்சிக்குக் கால் ஆறு என்று கற்ற மாணவர் இச்சொல்லைக் கேட்டு நகைப்பதுண்டு. உண்மையிலே இச்சொல் நகைப்புக்குரியதன்று. மக்கள் கால்களை எண்ணியிருக்கின்றனர். எண்ணிக்கை சரியாகவும் இருக்கின்றது. ஏனைய பூச்சிகளிலிருந்து இது வேறு என்பதை உணர்ந்தமையாலேயே எண்ணைப் பெயராக்கினர். அடுத்த படி, அவ்வேறுபாட்டை ஒப்பிட்டு வகுப்பாக விரிப்பது. அப்படியை ஏறுவதற்கு ஓய்வும் ஏடும் கருவியும் தேவை. அவை எவருக்குக் கிட்டின என்பதே மக்கள் அறிவுக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான தொலைவைத் தீர்மானித்தது.

அதேவேளை நமது மரபைப் போற்றுவதோடு அமைந்துவிடலாகாது. மரபியல் ஆறறிவை மக்களுக்கு வகுத்துவிட்டு, விலங்கோடு சேர்த்து ‘மாக்கள்’ என்னும் ஒரு தொகுதியை ஐந்தறிவிலே நிறுத்துகின்றது. மன உணர்வு குன்றியோரை அது குறிக்கும் என்பது உரைமரபு. எவர் குன்றியோர் என்று முடிவுசெய்யும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்ற கேள்வியை உரையாசிரியர் எழுப்பவில்லை. பூச்சியிலிருந்து தொடங்கிய ஏணி மனிதரிடையே வந்து முடிகின்றது என்பதை நாம் கவனிக்காதிருக்க முடியாது.

இவ்வேணி இன்றும் நமது பாடநூல்களிலே நிற்கின்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் உயிரினப் பாகுபாட்டின் படிகளை இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என வழங்குகின்றன. தமிழகத்திலே வரிசை, பேரினம், சிற்றினம் முதலிய சொற்கள் வழங்க, இங்கு வருணமும் சாதியும் நிலைபெற்றன. சாதி என்பதற்கு வகை என்ற பழம்பொருள் உண்டென்பது உண்மையே. ஆயினும், பிறப்பால் மாறாத பிரிவுகள் இயற்கையிலேயே உள்ளன என்று கற்பிக்கும் பாடத்தையும், மனிதரைப் பிறப்பாற் பிரிக்கும் அமைப்பின் பெயரையும் ஒரே சொல்லிலே கேட்கும் லயத்துப் பிள்ளை எதனை உணரும்? சமூகத்தின் பிரிவு இயற்கையின் பிரிவே என்ற மயக்கத்துக்கு விஞ்ஞானப் பாடமே துணைபோகலாகாது.

6

மனிதரைப் பாகுபடுத்துவதிலே மலையகம் கண்ட அனுபவம் பிற எப்பகுதியும் எளிதிற் காணாதது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கு ஒதுக்கிவைத்தது. நாடற்றோராக எஞ்சியோரின் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மெய்ரிக்கின் ஏட்டிலே அந்துக்கு வாழிடம் ‘இலங்கை: மஸ்கெலியா’. அவ்வந்து எங்கிருந்து வந்தது, அதன் மூதாதை எந்தக் கடல் கடந்தது என்று ஏடு வினவவில்லை. காணப்பட்ட இடமே அதன் வாழிடம். அந்த அந்து காணப்பட்ட அதே மலையிலே மூன்று தலைமுறை பிறந்து இறந்த மனிதருக்கு அவ்வரி மறுக்கப்பட்டது. யாவாவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவியை வந்தேறி என்று எவரும் விலக்கவில்லை. அதன் உழைப்பு தேவைப்பட்டது. தொழிலாளரின் உழைப்பும் தேவைப்பட்டது. ஆயின் அவர்களுக்கு வாக்கு இருந்தது. அந்துக்கும் குளவிக்கும் வாக்கு இல்லை. இரு பாகுபாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் அரசியற் காரணம் இதிலேயே அடங்கியுள்ளது. மௌசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிறைவுற்றபோது பழைய மஸ்கெலியா நகரும் நீருள் மூழ்கியது. ‘மஸ்கெலியா’ என்று பழைய ஏடுகள் குறிக்கும் நிலத்தின் ஒரு பகுதி இன்று நீரடியிலே கிடக்கின்றது.

7

மலையக இலக்கியம் இவ்வுயிர்களை எவ்வாறு கண்டது? கிறீன் பூச்சி திரட்டிய பூண்டுலோயாப் பகுதியிலேயே, மடகொம்பரைத் தோட்டத்தில், 1914இல் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் அவர். கிறீன் திரட்டியவை இலண்டன் நூதனசாலையின் பேழைகளிலே பேணப்பட்டன. அதே மலைச்சரிவின் மனிதர் பாடியவற்றைத் திரட்ட அம்மக்களுள் ஒருவரே பிறந்துவர வேண்டியிருந்தது. இருவரையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் ஆய்வு மலையகத்தைப் பற்றிய நமது அறிவை ஆழப்படுத்தும்.

ஆயின் முற்போக்கு இலக்கியம் பொதுவாகச் சிற்றுயிரைக் குறியீடாகவே கண்டது. அட்டை அதற்குச் சிறந்த உதாரணம். உழைப்பை உறிஞ்சுவோருக்கு அட்டையை உவமித்த கவிதைகளும் மேடைப் பேச்சுகளும் எண்ணில. அவ்வுவமையின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆனால் உவமை வந்த பின்னர் அட்டை மறைந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண் சவர்க்காரத்தைக் காலிற் பூசுவதும், கடிவாய் ஆறாது புண்ணாவதும், மழைக்காலத்தில் மலை மாறுவதும் எழுத்திலே குறைந்துபோயின. குறியீடு பொருளை விழுங்கிவிட்டது. விமர்சகராகிய நாமும் குறியீட்டைக் கண்டு பாராட்டினோமேயன்றிப் பொருள் எங்கே என்று கேட்கவில்லை. பொருள்முதல்வாதிகளுக்கு இது தகுமா?

இதன் விளைவு இலக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, ஹட்டன் ஆகிய பகுதிகளிலிருந்து, குளவி கொட்டித் தொழிலாளர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. உயிரிழப்புகளும் நேர்கின்றன. நமது செய்தித்தாள்கள் இவற்றையெல்லாம் ‘குளவிக்கொட்டு’ என்ற ஒரே தலைப்பில் இடுகின்றன. இச்சொல்லுக்குள் இருவேறு உயிர்கள் அடங்கியுள்ளன. சிங்களத்திலே பம்பரா எனப்படுவது பெருந்தேனீ, உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை அடையைத் திறந்தவாறு தொங்கவிடுவது, பருவத்துக்கேற்ப இடம்பெயர்வது. தெபரா எனப்படுவது உண்மையான குளவி. கடதாசி போன்ற உறையினுள் பல அடுக்குக் கூடு கட்டுவது. தேனீ கொட்டினால் கொடுக்கும் நஞ்சுப் பையும் தோலிலே தங்கி நஞ்சைத் தொடர்ந்து செலுத்தும். அதிலிருந்து எழும் மணம் ஏனைய தேனீக்களையும் அழைக்கும். அக்கொடுக்கை உடனே அகற்ற வேண்டும். குளவி கொடுக்கை இழப்பதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும். கூட்டை இனங்காணும் முறையும், மலையை எக்காலத்தில் தவிர்ப்பது என்பதும், முதலுதவியும் இதனால் வேறுபடுகின்றன. சிங்களம் பேசும் கிராமத்தவர் இரு சொற்களால் பிரித்தறிவதைத் தமிழ் அச்சுமொழி ஒரு சொல்லிலே குழப்புகின்றது.

மஸ்கெலியாத் தோட்டமொன்றின் லயத்திலே வளர்ந்த இக்கட்டுரையாளர், ‘கூடு கட்டியிருக்கு, அந்தப் பக்கம் போகாதே’ என்ற எச்சரிக்கையை இளமையிலே பலமுறை கேட்டதுண்டு. எச்சரித்த முதியவர்களுக்கு இரு கூடுகளின் வேறுபாடும் தெரிந்தேயிருந்தது. தொங்கும் அடையைக் கண்டால் ஒருவகையாகவும், உறையிட்ட கூட்டைக் கண்டால் வேறுவகையாகவும் நடந்துகொள்வர். அவ்வறிவு பெரட்டுக்களத்தைத் தாண்டி அச்சுக்கு வரவில்லை. ஆகவே, தொழிலாளரிடம் பாகுபாட்டறிவு இல்லை என்பது உண்மையன்று. அவர்களின் பாகுபாட்டை ஏற்றுக்கொள்ளும் ஏடு இல்லை என்பதே உண்மை.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில பணிகள் நம்முன் எழுகின்றன. முதலாவது, மலையகத்துச் சிற்றுயிர்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைத் தோட்டந்தோட்டமாகத் திரட்டி, விஞ்ஞானப் பெயர்களோடு இணைத்துக் கையேடாக்க வேண்டும். கொட்டுவன, கடிப்பன, அரிப்பை உண்டாக்குவன ஆகியவற்றிலிருந்து அது தொடங்கலாம்: பெருந்தேனீ, குளவி, மயிர்க்கொட்டி, கடித்தால் கடுந்தசைப்பிடிப்பை ஏற்படுத்தும் பொசிலோதேரியாப் பெருஞ்சிலந்தி. நாட்டார் பாடல்களைத் திரட்டுவதில் நமது பல்கலைக்கழகங்கள் காட்டிய ஆர்வம் இதற்கும் உரியதாகுக. விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்தாலன்றி இது நிறைவேறாது. இரண்டாவது, வருணம், சாதி ஆகிய கலைச்சொற்களைப் பாடநூலாக்கத்தினர் மீளாய்வு செய்தல் வேண்டும். மூன்றாவது, இனிமேல் எழுதப்படும் பதிவுகளிலே இடத்தோடும் ஆய்வாளரோடும், உயிரைக் கண்டு காட்டியவரின் பெயரும், அவர் விரும்பின், இடம்பெற வேண்டும்.

இறுதிக் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாததன்று. 2009இல் மாங்குளம் பகுதியிலே கிராமத்தவர் கொன்ற சிலந்தியொன்று ஆய்வாளர் கைக்கு வந்தது. அது புதிய இனமென 2012இல் விவரிக்கப்பட்டபோது, பொசிலோதேரியா ராஜேயி என்று பெயர் பெற்றது. போர் ஓய்ந்த அப்பிரதேசத்திலே ஆய்வாளருக்குத் துணைநின்ற பொலிஸ் பரிசோதகர் மைக்கல் ராஜகுமார் புராஜா என்பவரின் பெயரே அது. மாதிரியைக் கொடுத்த கிராமத்தவர் அப்பெயரில் இல்லை; ஆயினும், கண்டெடுத்தோர் கிராமத்தவர் என்ற செய்தி இம்முறை பதிவிலே உண்டு. அடைப்புக்குறிக்குள் துரையின் பெயர் மாத்திரம் நின்ற காலத்திலிருந்து இது ஒரு படி முன்னேற்றமே. அடுத்த படியை மலையகத்திலிருந்து எடுத்துவைப்பதற்குத் தடையாயிருப்பது பூச்சிகளின் சிறுமையன்று. அவற்றை நாள்தோறும் தேயிலைத் தூர்களிடையே எதிர்கொள்ளும் மனிதரின் அறிவை அறிவென ஏற்க நாம் காட்டும் தயக்கமே.